இடது கையின் அடிப்புறம்

நாற்காலியின் இடது கையில்தான் அந்தக் குழி இருந்தது. எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது அது ஒன்றுதான். முன்முனையிலிருந்து நாலு விரல்கடை உள்ளே தள்ளி, பார்வைக்குப் படாத அடிப்புறத்தில். எவ்வளவு ஆழம், எவ்வளவு அகலம், ஓரங்கள் சரிந்து இறங்கினவா செங்குத்தாக இறங்கினவா என்று கேட்டால் தெரியாது. மணி ஒன்பதே கால். பதினோரு மணிக்கு பிலோமின் அம்மா வருகிறார். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவிலிருந்து இறங்கி, இந்தப் பட்டறையின் இரண்டு படிகளை ஏறி, நாற்காலியில் உட்கார்ந்து, இடது கட்டை விரலை அடியில் கொண்டுபோவார். அவருக்குக் கண் தெரியாது. நான் ஒட்டுப் போட்ட இடத்தில் மரத்தின் ரேகை எப்படி அறுபடாமல் ஓடுகிறது, நிறம் எப்படிப் பொருந்தியிருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டில்லை. அவர் பார்க்கப்போவது அந்தக் குழியை மட்டும். அது இல்லை. நேற்று மாலை ஆறு மணி வரைக்கும், என் கையிலிருந்து வெளியே போகிற வேலைகளிலேயே சுத்தமானது இதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆறு மணிக்கு மகள் போன் செய்தாள், கிளோத்தில் என்று பெயர். "அந்துவான் அண்ணே, ஒண்ணு சொல்லவே மறந்துட்டேன், அம்மா இப்பதான் கேட்டாங்க. எடது கைக்கு அடியில ஒரு குழி இருக்கும் பாருங்க, அத மட்டும் தொட்டுடாதீங்க. அப்பா வெரலு அது." அவளுடைய அப்பா தனிஸ்லாஸ் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்தவர், போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. அவருக்குப் பேச்சுத் திக்குமாம். வார்த்தை வராமல் நின்றுவிட்டால் கட்டை விரலால் நாற்காலிக் கையின் அடியைத் தேய்ப்பாராம். "அந்தச் சத்தம் கேட்டா அம்மா வாயே தொறக்க மாட்டாங்கண்ணே. அவரு சொல்லி முடிக்கிற வரைக்கும் அப்படியே இருப்பாங்க. இப்ப அவங்கதான் அதுல ஒக்காந்து வெரல விட்டுக்கினு இருக்காங்க, பொழுதன்னிக்கும்." நான் என்ன சொன்னேன்? "இருக்கும்மா, அதெல்லாம் அப்படியே இருக்கு" என்றேன். யோசிக்கவில்லை. அவள் கேட்பதற்கு முன்பே அந்தப் பதில் வாய்க்குள் தயாராக இருந்த மாதிரி வந்தது. அவள் அப்பாடா என்று சொல்லி வைத்துவிட்டாள். போன் கையிலேயே இருந்தது. இன்றைக்குக் காலையில் நாற்காலியை ஜமக்காளத்தின் மேல் கவிழ்த்துப் போட்டிருக்கிறேன். நாலு கால்களும் மேலே நிற்கின்றன. இடது கையின் அடிப்புறம் என் முகத்துக்கு நேராக இருக்கிறது. வழவழவென்று இருக்கிறது. என் வேலை அது.

தெரியாதவன் செய்த தப்பு என்றால் ஒரு ஆறுதல் உண்டு. இது தெரிந்தவன் செய்த தப்பு. தேய்மானம் எங்கே வரும் என்று எனக்குத் தெரியும். முப்பது வருஷமாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கையின் மேல்புறத்தில் உள்ளங்கை படிகிற இடத்தில் வரும். முன்கால்களை இணைக்கிற குறுக்குக் கட்டையில் குதிகால் பட்டு வரும். முதுகுப் பலகையின் உச்சியில், நாற்காலியைப் பிடித்து இழுக்கிறவர்களின் விரல்களால் வரும். அந்த இடங்களை நான் தொடுவதில்லை. உப்புத்தாள் போட்டு அதையெல்லாம் மட்டமாக்கித் தருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆகாது. தேய்ந்த இடம் பழுது இல்லை என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வேன், கிளோத்திலிடமும் சொன்னேன். ஆனால் அடிப்புறத்தில் தேய்மானம் வராது. அங்கே குழி இருந்தால் ஒன்று பூச்சி, அல்லது உளுத்துப்போன மரம், அல்லது எவனோ உளியை வழுக்கவிட்டிருக்கிறான். எனக்குத் தெரிந்தது அவ்வளவு. கையின் முன்முனையில் வெடிப்பு இருந்தது, மேலே நாலைந்து பூச்சித்துளைகள் இருந்தன, அடியில் குழி. மூன்றையும் கூட்டிப் பார்த்து, ஐந்து விரல்கடை நீளத்துக்குச் சரிவாக அறுத்து எடுத்தேன். பழைய ஈட்டிமரத் துண்டு ஒன்றைப் பதினோரு வருஷமாகப் பத்திரமாக வைத்திருந்தேன். ஒரு பீரோவின் உடைந்த கால் அது. அதே வயசு, அதே கருஞ்சிவப்பு, ரேகைகூட அதே சாய்வு. அது பொருந்தியபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். கழித்த துண்டை எறியக் கூடாது. பொருள் வீட்டுக்குப் போய்ச் சேருகிற வரைக்கும் ஆணி, முளை, பிரம்பு நார் எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டுப் பெயர் எழுதி மாட்ட வேண்டும். சுவரில் ஏழு பைகள் தொங்குகின்றன. பிலோமின் என்று எழுதிய பையில் இரண்டு திருகாணியும் உடைந்த முளையும் இருக்கின்றன. அந்தத் துண்டு இல்லை. அன்றைக்கு மின்சாரம் போய்விட்டது. வச்சிரம் கரி அடுப்பில் இருந்தது. தோலும் எலும்பும் காய்ச்சி எடுக்கிற பழைய பசை அது, சூடு ஆறினால் கெட்டியாகிவிடும். ஒட்டுவதற்கு எல்லாம் தயாராக இருந்தது. கரி தீர்ந்துவிட்டது. பாலிஷ்காரர் கோதண்டம் அடுப்பின் பக்கத்தில் குந்தியிருந்தார். "அந்தத் துண்டப் போடு" என்றேன். மேஜை மேல் கிடந்ததைக் காட்டி நான்தான் சொன்னேன். ஈட்டிமரம் எரிந்தால் ஒரு வாசனை வரும், இனிப்பும் காரமுமாக. பட்டறை முழுக்க நிறைந்தது. "இன்னா மொதலாளி, பூசையா?" என்று கோதண்டம் சிரித்தார். நானும் சிரித்தேன். பழைய துண்டை எரித்த சூட்டில் உருகிய பசையை எடுத்துத்தான் புதுத் துண்டை ஒட்டினேன்.

போனில் பதினோரு படங்கள் இருக்கின்றன. தொடங்குவதற்கு முன்னால் எல்லாப் பக்கமும் படம் எடுத்து வைக்க வேண்டும் என்பதும் என் வழக்கம்தான். முன்பக்கம், பின்பக்கம், உடைந்த பின்கால் மட்டும் மூன்று, பிரம்புப் பின்னல், உட்காருகிற சட்டத்தின் அடி. ஏழாவது படத்தில், உடைந்த காலுக்குப் பின்னால், ஓரத்தில் இடது கையின் அடிப்புறம் கொஞ்சம் தெரிகிறது. இரண்டு விரலால் அகட்டிப் பெரிசாக்கினேன். கறுப்பு. இன்னும் பெரிசாக்கினால் கறுப்பு சதுரம் சதுரமாக உடைகிறது. அதில் குழியும் இருக்கலாம், நிழலும் இருக்கலாம். இரவு இரண்டு தடவை பார்த்தேன், காலையில் ஒரு தடவை பார்த்தேன், இப்போது மறுபடியும் பார்க்கிறேன், கறுப்புதான். ஆனால் என் கை அதைத் தொட்டது. இது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. எந்தப் பொருள் வந்தாலும் முதல் நாள் கண்ணை மூடிக்கொண்டு அதன் மேல் கையை ஓட்டுவேன். கண் நிறத்தைப் பார்த்து ஏமாறும், கை ஏமாறாது என்று சொல்வேன். ஓட்டினேன். வலது கையின் அடி, பிறகு இடது கையின் அடி, கட்டை விரல் போய்க்கொண்டே இருந்து ஓரிடத்தில் இறங்கியது. இறங்கியதும் மனசு 'பழுது' என்றது. அந்தச் சொல் வந்தவுடன் விரல் நகர்ந்துவிட்டது. ஒரு நிமிஷம் அங்கே நின்றிருந்தால்? நின்றிருந்தால் ஆழம் தெரிந்திருக்கும், அடியில் நகம் பட்ட கோடு ஏதாவது இருந்திருந்தால் தெரிந்திருக்கும், பூச்சி இவ்வளவு வழவழப்பாகக் குடையாது என்று தெரிந்திருக்கும். விரலுக்குத் தெரிந்தேதான் இருந்திருக்கிறது. நான்தான் கேட்கவில்லை. இப்போது கட்டை விரலைப் பிடித்து முகத்துக்கு முன்னால் வைத்துப் பார்க்கிறேன், அது ஏதாவது சொல்லும் என்கிற மாதிரி. நகத்தோரத்தில் அரக்குக் கறை. வளைந்த நகவுளியை எடுத்தேன். பென்சிலால் ஒரு நீள்வட்டம் வரைந்தேன். பெரிசாகத் தெரிந்தது, அழித்துவிட்டுச் சின்னதாக வரைந்தேன். குமாஸ்தாக்களுக்குச் சின்ன விரல் என்று யார் சொன்னது? அவரை நான் பார்த்ததே இல்லை. மாதா கோயிலில் பார்த்திருக்கலாம், அவ்வளவு பேரில் ஒருவராக. குள்ளமா உயரமா? மகள் கிளோத்தில் உயரமானவள். அந்த உயரம் அம்மா வழியில் வந்ததாக இருந்தால்? உளியை வைத்து அழுத்தினேன். முதல் சீவல் சுருண்டு வந்தது. வெட்டிய இடம் புதுசாக, வெளிறிப்போய் இருந்தது. வாசனை வந்தது. எரிந்த வாசனை இல்லை, அறுத்த வாசனை. ஆனாலும் எனக்கு அடுப்பு ஞாபகம்தான் வந்தது.

கோதண்டம் டீ வாங்கிக்கொண்டு வந்தார். குடையை மடக்கி வாசலில் சாத்தினார். தூறல் ஆரம்பித்துவிட்டது போலிருக்கிறது, நான் கவனிக்கவில்லை. "இன்னா மொதலாளி, முடிஞ்ச நாற்காலியத் திரும்பக் கவுத்துப் போட்டுக்கினு?" என்றார். சின்ன வேலை ஒன்று என்றேன். "சின்ன வேலைக்கு நீ மூஞ்ச இப்பிடி வெச்சிக்க மாட்டியே." அவர் என்னைவிட எட்டு வயசு பெரியவர், மொதலாளி என்பார், நீ என்பார். டீயை மேஜையில் வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். "எங்க போட்ட ஒட்டு? இந்தக் கையா அந்தக் கையா? பாரேன், நானே தேடறேன். மரத்துக்கே மறந்துபோயிருக்கும் இது ஒட்டுன்னு." அப்புறம் குழியைப் பார்த்தார். "ஐய! இன்னா இது, நல்ல மரத்துல பள்ளம் நோண்டிக்கினு இருக்க?" அந்தம்மா கேட்டாங்க என்றேன். இது இரண்டாவது பொய், அல்லது இதைப் பொய் என்று சொல்ல முடியாது. கேட்கத்தானே செய்தார். "வெரல் வெக்கவா? நல்லா கேட்டாங்க போ. அடுத்தவங்க வந்து டம்ளர் வெக்கப் பள்ளம் கேப்பாங்க, அதுக்கும் ஒரு உளி எடுத்து வெச்சிக்க." டீயை உறிஞ்சினார். நான் சீவிக்கொண்டிருந்தேன். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார்: "அன்னிக்கு அடுப்புல போட்டமே ஒரு துண்டு, அதுலகூட இதே மாதிரி ஒண்ணு இருந்திச்சி. வெரல் மாட்டிக்கத் தோதா இருந்திச்சி, புடிச்சித் தள்ள." உளி நின்றது. நான் அவர் கையைப் பார்த்தேன். டம்ளரைப் பிடித்திருந்த கட்டை விரல். அந்த விரல் போய் அதில் உட்கார்ந்திருக்கிறது, அடுப்புக்குள் போகிற வரைக்கும். கடைசியாக அதைத் தொட்டது அந்த விரல். "எவ்வளவு ஆழம் இருந்திச்சு கோதண்டம்?" என்றேன். குரல் சாதாரணமாக இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். "ஆழமா? அத எவன் பாத்தான்." கொஞ்சம் யோசித்துப் பாரேன் என்றேன். அவர் கட்டை விரலைக் காற்றில் வளைத்துப் பார்த்தார், சுட்டுவிரலோடு சேர்த்து ஒரு பாவனை பிடித்தார், பிறகு விட்டுவிட்டார். "வெரல் ஒக்காந்திச்சி. அவ்ளோதான் தெரியும். எதுக்குக் கேக்கற?" ஒன்றுமில்லை என்றேன். "ஒண்ணுமில்லன்னா எதுக்குக் கேக்கற?" என்று சிரித்துவிட்டு, கோயில் பெஞ்சுகளுக்கு அரக்கு பூசுகிற வேலை இருப்பதால் டப்பாவையும் பஞ்சுப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். வாசலில் நின்று வானத்தைப் பார்த்தார். "இந்த ஈரத்துல பூசினா வெளுத்துப் பூடும். ஃபாதருக்குச் சொன்னா புரியல. நீயும் இதும் மேல இன்னிக்கு ஒண்ணும் பூசாத." அவர் போனபின் அவர் கை வைத்திருந்த இடத்தில் மேஜை மேல் டம்ளர் வட்டம் ஈரமாக இருந்தது. துடைத்தேன். உடனே துடைப்பது என் கைப்பழக்கம்.

குழி என்பது வெட்டிய பள்ளம் இல்லை. அதுதான் சிக்கல். வெட்டுவதை யாரும் வெட்டலாம். கண்ணாடிச் சில்லால் சுரண்டி உளியின் தடத்தை எடுத்தேன். செங்கல் பொடியை எண்ணெயில் குழைத்துத் துணியில் தொட்டுத் தேய்த்தேன். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். இந்தப் பட்டறை வைப்பதற்கு முன்னால் ஆறு வருஷம் ஒரு கடைக்காரரிடம் இதைத்தான் செய்துகொண்டிருந்தேன். போன மாசம் செய்த பெட்டியை நூறு வருஷத்துப் பெட்டியாக்குவது. ஊசியால் பூச்சித்துளை போடுவது, அதிலும் துளைகள் ஒரே வரிசையில் இருக்கக் கூடாது, பூச்சி வரிசையில் குடையாது. சாவித்துவாரத்தைச் சுற்றிச் சாவிக்கொத்து இடித்த வடு போடுவது. டீ டிக்காஷன், விளக்குக் கரி, தேங்காய் எண்ணெய். ஒருநாள் ஒரு வெளிநாட்டுக்காரப் பெண் அந்த வடுக்களைத் தடவிப் பார்த்துவிட்டுக் கண் கலங்கினாள். யார் யாரோ இதைத் திறந்து மூடியிருப்பார்கள் இல்லையா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அன்றைக்குத்தான் அங்கிருந்து வந்துவிட்டேன் என்று பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு இல்லை, அதற்கப்புறமும் ஏழெட்டு மாசம் இருந்தேன். வந்தபின் ஒழுங்காகத்தான் செய்தேன். நான் போடுகிற எந்த ஒட்டையும் இன்னொருவன் பிரிக்க முடிய வேண்டும் என்பதற்காகத்தான் இந்த வச்சிரம். சூடும் ஈரமும் காட்டினால் அது எத்தனை வருஷம் கழித்தும் விட்டுக்கொடுக்கும். வெள்ளைப் பசை விடாது, மரம்தான் கிழியும். நாளைக்கே இந்த ஒட்டைப் பிரித்துவிடலாம், பழைய கைக்கு ஒரு சேதமும் இல்லாமல். பிரித்து எதை வைப்பது? சாம்பலைக் கோதண்டம் பாத்திரம் தேய்க்கக் கொண்டுபோய்விட்டார். நான் தேய்த்துக்கொண்டிருக்கிறேன், துணியை எறிந்துவிட்டு இப்போது வெறும் கட்டை விரலால். துணி சமமாகத் தேய்க்கும், விரல் அப்படித் தேய்க்காது. விரல் தேய்த்தால் நடுவில் ஆழமாகவும் வெளிப்பக்கம் கொஞ்சம் இழுத்துக்கொண்டும் போகும். அது இந்தக் குழியில் வருகிறது, தெரிகிறது. சரியாகத்தான் வருகிறது. முப்பது நாற்பது வருஷம் ஒரு மனுஷன் வார்த்தை வராமல் தேய்த்தது. எந்தெந்த வார்த்தை? கோர்ட்டில் பேர் கூப்பிடுகிற வேலை அவருக்குத் தந்திருக்க மாட்டார்கள். வீட்டில் அவர் தேய்க்கத் தேய்க்க அந்தம்மா பேசாமல் இருந்திருக்கிறார். நானும் என் மனைவி எலிசாவும் ஒருத்தர் முடிப்பதற்கு முன்னால் இன்னொருத்தர் ஆரம்பிப்போம். எலிசா ஆறு மாசத்துக்கு என்று பிரான்சுக்கு மகள் வீட்டுக்குப் போனாள், மூன்று வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். "வீடு எப்படி இருக்கு?" "அப்படியே இருக்கு." போன வாரமும் அதைத்தான் சொன்னேன். வருவாயா என்று கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிறும் நினைப்பேன், அதற்குள் அவள் பேரனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிடுவாள். நேற்று கிளோத்திலுக்குச் சொன்ன பதில் வாயில் ஏன் தயாராக இருந்தது என்று இப்போது தெரிகிறது. தெரிந்து என்ன? எலிசாவின் கட்டை விரல் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். வரவில்லை. மோதிரம் ஞாபகம் வருகிறது, அது வேறு விரல். என் கட்டை விரல் எரிகிறது. தோல் வழண்டுவிட்டது. நிறுத்திவிட்டுப் பார்த்தேன். என் விரலை அதில் வைத்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. உட்காராமல் என்ன செய்யும்? என் விரலால் தேய்த்தது.

பத்தே முக்கால். மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் ஒரே இரைச்சல். காற்றில் இவ்வளவு ஈரம் இருந்தால் அரக்கின் மேல் வெள்ளையாகப் பூத்துவிடும், கண்ணாடியில் மூச்சு விட்ட மாதிரி. நாற்காலியின் வலது கையின் மேல்புறத்தில் லேசாகப் பூத்திருக்கிறது. நேற்று என்றால் அதுவே பெரிய கவலையாக இருந்திருக்கும். சொல்லிவிடலாம். வந்தவுடனே, உட்காருவதற்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். அம்மா, ஒரு தப்பு நடந்துபோச்சு. நடந்துபோச்சு என்று சொல்லக் கூடாது, பண்ணிட்டேன் என்று சொல்ல வேண்டும். அம்மா, அந்தக் குழி இருந்த துண்டை நான் அறுத்து எடுத்துட்டேன். அதோடு நிறுத்தலாமா? துண்டு எங்கே என்று கேட்பார். கண் தெரியாதவர், கொடு நான் கையிலாவது வைத்துக்கொள்கிறேன் என்பார். எரித்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? தொலைந்துபோய்விட்டது என்று சொன்னால்? அது இன்னொரு பொய், அதற்கு நேற்றைய பொய்யே போதும். சொன்னால் என்ன ஆகும் என்று பார்க்கிறேன். கிளோத்தில் கத்துவாள். நேத்துக் கேட்டப்ப அப்படியே இருக்குன்னீங்களே அண்ணே என்பாள். அது ஒரு நிமிஷம். அந்தம்மா கத்த மாட்டார் என்று நினைக்கிறேன். அதுதான் பயம். சொல்லாவிட்டால் என்ன ஆகும்? விரலை வைப்பார், ஒன்று கண்டுபிடிப்பார், அல்லது கண்டுபிடிக்க மாட்டார். கண்டுபிடித்தால் நானே சொல்லிவிட்ட மாதிரிதான். கண்டுபிடிக்கவில்லை என்றால் ஆயுசு முழுக்க என் விரலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இந்த இரண்டைத் தவிர வேறு என்ன நடக்க முடியும்? வேறு ஒன்றும் எனக்குத் தோன்றவில்லை. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நாற்காலியை நிமிர்த்தினேன். நாலு காலும் தரையில் ஒன்றாகப் படிந்தன. ஆடவில்லை. குழிக்குள் கரியும் எண்ணெயும் கலந்து ஒரு தடவை பூசி, துடைத்து, என் பின்கழுத்தில் விரலை வழித்து அந்த வேர்வையையும் தேய்த்தேன். அது எதற்கு என்று தெரியவில்லை. கண்ணுக்கும் தெரியாது, கைக்கும் தெரியாது. ஆட்டோ சத்தம் கேட்டது.

கிளோத்தில் குடையை அம்மாவுக்குப் பிடித்து, தான் நனைந்துகொண்டு வந்தாள். பிலோமின் அம்மா படியில் காலை வைத்துத் தேடி ஏறினார். மெலிந்த உடம்பு, வெள்ளைப் பருத்திப் புடவை, காலில் பட்டை வைத்த செருப்பு. உள்ளே வந்ததும் மூக்கை உறிஞ்சி, "அரக்கு வாசன நல்லாருக்கு தம்பி" என்றார். வாங்கம்மா என்றேன். அம்மா, ஒரு தப்பு என்று ஆரம்பித்தேன், மழை இரைச்சலில் அது கேட்கவில்லை, அல்லது நான் சத்தமாகச் சொல்லவில்லை. கிளோத்தில் அவரை நாற்காலிக்குக் கொண்டுபோனாள். முழங்கால் சட்டத்தில் பட்டதும் அவர் தானாகத் திரும்பி உட்கார்ந்தார். உடம்பை முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தார். "கால் ஆடலியே." ஆடாதும்மா என்றேன். "எவ்ளோ வருஷமா ஆடிச்சு. அவரு அட்டை மடிச்சு வெப்பாரு." உள்ளங்கைகளை நாற்காலியின் இரண்டு கைகளின் மேலும் படிய வைத்தார். இடது கை விரல்கள் ஓரத்தைப் பிடித்தன. கட்டை விரல் மட்டும் கீழே போயிற்று. நான் மேஜைக்குப் பின்னால் நின்றிருந்தேன். விரல் இறங்கியது தெரிந்தது. அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. தேய்த்தார், நிறுத்தினார். கையை வெளியே எடுத்துக் கட்டை விரலைச் சுட்டுவிரலோடு சேர்த்து, துணியின் நயத்தைப் பார்க்கிற மாதிரி உருட்டிப் பார்த்தார். மறுபடி உள்ளே கொண்டுபோனார்.

"கிளோத்தில், இது அந்தக் கைதானா?"

"அந்தக் கைதாம்மா. எடது."

"ம்."

"குழி இருக்கில்ல?"

"இருக்கு." அவர் தலையைக் கொஞ்சம் சாய்த்திருந்தார். "இருக்கு. வேற மாதிரி இருக்கு."

கிளோத்தில் குனிந்து, நாற்காலிக் கையின் அடியில் தலையை நுழைத்துப் பார்த்தாள். "அப்படியேதாம்மா இருக்கு. அழுக்குகூட அப்படியே இருக்கு. அண்ணன் தொடவே இல்ல."

பிலோமின் அம்மா கையை மடியில் வைத்துக்கொண்டார். "அப்ப என் வெரலுதான்" என்றார். "டாக்டர் சொன்னாருல்ல, சக்கரைக்கு மொதல்ல காலு மரத்துப்போவும், அப்பறம் கைக்கு வரும்னு. வந்துடுச்சு போல."

"சும்மா இரும்மா. அதெல்லாம் ஒண்ணும் வரல."

"இல்லடி. மூணு வாரத்துக்கு முன்னாடி வரைக்கும் நல்லாத் தெரிஞ்சுது. இப்ப எதையோ தொட்ட மாதிரி இருக்கு." அவர் லேசாகச் சிரித்தார். "சரி, வெரலும் போவட்டும்."

இல்லை என்று எனக்குள் கேட்டது. உங்கள் விரல் நன்றாக இருக்கிறது, அம்மா. உங்கள் விரல் ஒன்றுதான் இங்கே சரியாக இருக்கிறது. கோதண்டம் தேடிக் கிடைக்காதது, உங்கள் மகள் குனிந்து பார்த்தும் தெரியாதது அதற்குத் தெரிந்துவிட்டது. இதைச் சொன்னால் போதும். சொல்வதற்கு வாயைத் திறந்தேன். அம்மா என்பது வந்தது. அடுத்த சொல் வராமல் நின்றுவிட்டது. மழை திடீரென்று தணிந்திருந்தது, கூரையில் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. அப்போதுதான் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். மெல்லிய சத்தம், மரத்தில் தோல் உராய்கிற சத்தம். என் கட்டை விரல் மேஜைப் பலகையின் அடியில் போய் வந்துகொண்டிருந்தது. எப்போது ஆரம்பித்தது என்று தெரியவில்லை. வழண்ட தோல் எரிந்தது, நிறுத்த முடியவில்லை. பிலோமின் அம்மா முகத்தை என் பக்கம் திருப்பினார். கிளோத்தில் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள், அவர் கையைத் தூக்கி அவளை நிறுத்தினார். பிறகு அசையாமல் உட்கார்ந்திருந்தார். யாரும் எனக்காக அப்படிக் காத்திருந்ததில்லை.

"மூணு நாளைக்கு ஈரத்துணி போட்டுத் தொடைக்காதீங்கம்மா" என்றேன். "பாலிஷ் இன்னும் முழுசா காயல."

அவர் இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தார்.

"சரி தம்பி" என்றார்.